பதிவேட்டில் இல்லாத பெயர்

எனக்கு இரண்டு பெயர். ஒன்று ஞானஸ்நானத்தில் வைத்தது, சூசை. இன்னொன்று பள்ளிக்கூடத்தில் வைத்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். முருகனுடைய பெயர்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆரணியில் என்னோடு தொழில் செய்தவர்களுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். சூசை என்று கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் சொந்த ஊர் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு சேரி. ஆரணியிலிருந்து பஸ்ஸில் போனால் தூரத்திலேயே லூர்து மாதா கோயில் கோபுரம் தெரியும். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் வடஆற்காட்டு ஜனம் செத்து விழுந்தபோது, தாரஸ் என்கிற பிரெஞ்சுச் சாமியார் அந்தப் பக்கத்தில் வேலை செய்தார். ஆயிரக்கணக்கானவர்கள் அவரிடம் ஞானஸ்நானம் வாங்கினார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று என்று ஆயா சொல்லும். கஞ்சிக்காகப் போனார்களா, சாமிக்காகப் போனார்களா என்று யாராவது கேட்டால் ஆயாவுக்குக் கோபம் வந்துவிடும். “பசியில இருக்கிறவனுக்கு ரெண்டும் வேற வேறயா?” என்று திருப்பிக் கேட்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு சூசை உண்டு.

பெயர் எப்படிப் போனது என்றால், நைனா என்னைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போன அன்று போனது. சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த வாத்தியார் கெட்டவர் இல்லை. எங்கள் மேல் அக்கறை உள்ளவர். “சூசைன்னு எழுதினா கிறிஸ்துவன்னு ஆயிடும்பா. நாளைக்குச் சர்க்கார் உத்தியோகம்னு போனா பட்டியல்ல இருக்கமாட்டான். யோசிச்சுச் சொல்லு” என்றார். நைனா யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எடுத்த முடிவு வேறு கிடையாது. “நீங்களே ஒரு பேரு வையுங்க சார்” என்று சொல்லிவிட்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் வேலும் மயிலுமாக நின்றவர் பெயர் எனக்கு வந்தது.

வாத்தியார் சொன்னது சட்டப்படி சரி. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கு மாநில அரசு கல்வி உதவித்தொகை தருகிறது, ஆனால் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் எங்களோடு போட்டி போடுகிறவர்களின் நிலத்தில்தான் எங்கள் தாத்தாக்கள் கூலிக்கு நின்றார்கள். ஊரில் எங்களுக்குத் தனிக் கிணறு, கோயிலில் தனி வரிசை, இறந்தால் தனிக் கல்லறை. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டது என்று சட்டம் நம்பியது, ஊர் நம்பவில்லை.

அந்தப் பெயரில் ஹாஸ்டலில் சாப்பிட்டிருக்கிறேன், உதவித்தொகை வாங்கியிருக்கிறேன். அரசு வேலைக்கு மட்டும் போகவில்லை, ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. கொஞ்சம் படம் வரைய வரும் என்பதால் ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிற ஒருவரிடம் போய் ஒட்டிக்கொண்டேன். இதையெல்லாம் எழுதுவதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது. வெட்கம் இல்லை.

ஆரணிப் பட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புடவையின் கரையிலும் முந்தியிலும் வருகிற மாங்காயும் மயிலும் அன்னமும் நெசவாளியின் கையிலிருந்து நேராக வருவதில்லை. தறிக்கு மேலே உயரத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும், ஜக்கார்டு பெட்டி. அதற்கு அட்டை செய்து கொடுப்பதுதான் என் தொழிலாக ஆனது. முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக டிசைனை வரைய வேண்டும். கிராஃபில் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை, அதாவது ஊடை ஒரு தடவை போவதற்கு ஓர் அட்டை. கட்டம் நிரம்பியிருந்தால் அட்டையில் துளை போடுவோம், காலியாக இருந்தால் விட்டுவிடுவோம். துளை இருக்கும் இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து மாலைபோலப் பெட்டியில் தொங்கவிட்டால், நெசவாளி மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக வந்து திரும்பும். ஒரு துளை தப்பினால் மயிலுக்குக் கண் போய்விடும். அந்தக் குற்றத்துக்குப் பிடித்தம் என் கூலியில் விழும்.

பல வருஷம் இந்த வேலை செய்த பிறகுதான் காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் ஒரு பயிற்சிக்குப் போனேன். வகுப்பெடுத்தவர் ஜக்கார்டு என்பது ஒரு மனிதனின் பெயர் என்றார். எங்களில் பலருக்கு அது புதிது. ஊரில் ‘ஜக்காடு’ என்போம், ஏதோ இங்கிலீஷ் மெஷின் பெயர் என்று நினைத்திருந்தோம். பிரான்சில் லியோன் பட்டு நெசவு நகரம். அங்கே 1752-இல் ஒரு நெசவாளி வீட்டில் பிறந்தவர். 1804 வாக்கில் அட்டை வைத்து ஓட்டும் பெட்டியை முழுமையாக்கினார். பிழைப்புப் போய்விடும் என்று பயந்த லியோன் நெசவாளர்கள் அவர் மேல் கொதித்துப் போனார்கள். துளை இருக்கிறது, துளை இல்லை என்கிற அந்த இரண்டே சங்கதியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் கணக்குப் போடும் இயந்திரங்களுக்கும் அட்டை வந்தது, கம்ப்யூட்டரும் வந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் பலகையில் முழுப்பெயரை எழுதினார்: ஜோசப் மரி ஜக்கார்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஜோசப்பும் சூசையும் ஒரே பெயர்தான். ஆரணியில் செங்குந்தர் வீட்டிலும் சௌராஷ்டிரர் வீட்டிலும், ஜக்கார்டு பூட்டிய ஒவ்வொரு தறியின் தலைக்கு மேலும் ஒரு சூசை உட்கார்ந்திருக்கிறான். ஆயுத பூஜையன்று அவனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைக்கிறார்கள். எனக்குத்தான் வாயைத் திறந்து என் பெயரைச் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகுதான் இந்தப் பெயரின் பின்னால் போக ஆரம்பித்தேன். மூலம் எபிரேய மொழி, யோசேஃப். ஆதியாகமத்தில் யாக்கோபின் மனைவி ராகேல் நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து பெற்ற மகனுக்கு இந்தப் பெயரை வைக்கிறாள். வைக்கும்போது இரண்டு காரணம் சொல்கிறாள். கடவுள் என் அவமானத்தை எடுத்துப்போட்டார் என்பது ஒன்று. இன்னொரு மகனையும் எனக்குக் கூட்டித் தரட்டும் என்பது மற்றொன்று. எபிரேயத்தில் எடுப்பதற்கும் கூட்டுவதற்கும் உள்ள சொற்கள் ஒலியில் ஒட்டி வருகின்றன. பண்டிதர்கள் கூட்டுதல் என்பதைத்தான் நேர்ப்பொருளாகக் கொள்கிறார்கள். எனக்கென்னவோ அவள் முதலில் சொன்ன காரணம்தான் உறைத்தது. மலடி என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு நொந்த பெண் முதலில் அதைத்தானே சொல்வாள்?

அந்த யோசேப்பின் கதையைத் துணிக்காரன் கண்ணால் படித்தால் வேறு மாதிரி தெரியும். அவன் தலையெழுத்து மாறும் போதெல்லாம் உடம்பில் இருக்கும் துணியும் மாறுகிறது. அப்பன் ஆசையாகப் போட்ட அலங்கார அங்கியைப் பார்த்துத்தான் அண்ணன்மார் வயிறெரிகிறார்கள். அதைக் கழற்றிக்கொண்டு அவனை இருபது வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள், அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பனிடம் காட்டுகிறார்கள். எகிப்தில் எஜமானனின் மனைவி அவன் மேலாடையைப் பிடித்து இழுக்க, அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறான், அந்தத் துணியே சாட்சியாகி ஜெயிலுக்குப் போகிறான். கடைசியில் பார்வோன் மெல்லிய துணி உடுத்தி நாட்டுக்கே அதிகாரியாக்குகிறான்.

ஆரணியில் எங்களுக்கு ஜரிகை கொண்டுவருகிற பாய் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் இதே பெயர்தான், யூசுப். இந்தத் துணி விஷயத்தை அவரிடம் சொன்னபோது, “எங்க குர்ஆன்லயும் சட்டை மூணு தடவை வருதே” என்றார். பன்னிரண்டாவது அத்தியாயமே யூசுப் பெயரில்தான் இருக்கிறது. பொய் ரத்தம் பூசின சட்டை ஒன்று. பின்பக்கம் கிழிந்திருந்ததால் அவர் குற்றமற்றவர் என்று காட்டிக்கொடுத்த சட்டை இன்னொன்று. மூன்றாவது, எகிப்திலிருந்து அனுப்பி, அழுது அழுது பார்வை போன தகப்பன் முகத்தில் போட்டதும் கண் திரும்பின சட்டை. பாய் அதைச் சொன்ன விதத்தில், பொன்னுரைக்கல்லில் ஜரிகையை உரசிக் காட்டுகிறவரின் நிதானம் இருந்தது. அன்றைக்கு அவரிடம் மட்டும் சொன்னேன், என் பெயரும் அதுதான் என்று. அவர் ஆச்சரியப்படவில்லை. “தெரியும். உங்கம்மா ஒரு தடவை வந்திருந்தப்போ கூப்பிட்டுச்சு” என்றார். அவ்வளவு வருஷமும் தெரிந்தும் தெரியாதவராக இருந்திருக்கிறார்.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது துணி இல்லை. ஆதியாகமம் நாற்பத்தொன்றாம் அதிகாரத்தில், பார்வோன் யோசேப்புக்கு உத்தியோகம் கொடுக்கும்போது கூடவே ஓர் எகிப்தியப் பெயரும் வைக்கிறான், சாப்நாத்பன்னேயா. சிறுவயதிலிருந்து பிரசங்கம் கேட்டு வருகிறேன், கனவு, பஞ்சம், மன்னிப்பு எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார்கள், இந்த வரியில் யாரும் நின்றதில்லை. சர்க்கார் பதிவேட்டில் ஒரு பெயர், ஆத்தா வைத்தது ஒரு பெயர். தானியம் வாங்க வந்த சொந்த அண்ணன்மார்களுக்கே எதிரில் நிற்பவன் யாரென்று தெரியவில்லை. உடையும் பாஷையும் அப்படி மாறியிருந்தன, மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்துத்தான் பேசினான். பஞ்ச காலத்தில் பிழைப்பதற்காக இன்னொரு பெயரில் வாழ்ந்தவர்களில் மூத்தவன் அந்தப் பெயரின் முதல் சொந்தக்காரனே. தாது வருஷத்து எங்கள் பாட்டனுக்கு இது தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

பிறகு கவனித்தேன். இந்தப் பெயர்க்காரர்களில் பலர் இரண்டு பெயரோடுதான் அலைகிறார்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்த கான்ஸ்டான்ஸோ ஜுசெப்பே பெஸ்கி இங்கே வந்து தைரியநாதர் ஆனார், பிறகு வீரமாமுனிவர். ஜுசெப்பே என்றால் இத்தாலியில் ஜோசப். அந்த ஜோசப் தமிழில் எழுதிய தேம்பாவணியின் பாட்டுடைத் தலைவனும் ஜோசப்தான், ஏசுவை வளர்த்த தச்சன். 1726-இல் முடித்த 3615 பாடல்களில் அவனுக்கு அவர் கொடுத்த பெயர் வளன். கூட்டுதல், பெருகுதல் என்ற எபிரேயப் பொருளை அப்படியே தமிழாக்கிவிட்டார். திருச்சியில் தூய வளனார் கல்லூரி என்பதில் வரும் வளனார் அந்தத் தச்சன்தான். சூசை என்பதோ போர்ச்சுகீசியர் வாயில் ‘ஜுஸே’ என்று ஒலித்ததைக் கடற்கரை மக்கள் பிடித்துக்கொண்டதால் வந்தது. கேரளத்தில் ஔசேப்பு. புராட்டஸ்டன்ட் பைபிளில் யோசேப்பு, கத்தோலிக்கர்களுக்கு 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் யோசேப்பு, ஆனால் ஜெபத்தில் இன்னும் சூசையப்பர்தான். ஒருவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்பதைப் பெயரின் எழுத்தை வைத்தே எங்கள் ஆட்கள் சொல்லிவிடுவார்கள்.

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் லண்டனில் கணக்குப் படித்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, காந்தியிடம் வந்து ஜே.சி. குமரப்பா ஆனார். கடைசிப் பெயரான கொர்னேலியஸின் இடத்தில் முன்னோர் பெயரான குமரப்பாவைக் கூட்டிக்கொண்டார். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். ஜோசப்பை அவர் விடவில்லை, ஜே என்ற முன்னெழுத்தில் கடைசிவரை இருந்தது. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவருக்குப் பெயர் மாற்றம் கொள்கை. எங்களுக்கு அது சோறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

2017 அக்டோபரில் ‘மெர்சல்’ படம் வந்தது. ஜிஎஸ்டி பற்றிய வசனத்தால் கிளம்பிய சண்டையில் நடிகர் விஜய்யின் முழுப்பெயரை எடுத்து வெளியே போட்டார்கள், ஜோசப் விஜய் என்று. திட்டுச் சொல் மாதிரி. டீக்கடையில் எங்கள் தொழில்காரர்கள் அதைப் பற்றி உருட்டினார்கள். “ஜோசப்பாமே!” என்றார் ஒருவர். என்னமோ திருட்டுப் பொருள் அகப்பட்ட மாதிரி. “அதனால இன்னா? நடிக்கத் தெரியுதில்ல?” என்றார் இன்னொருவர். “பேரை ஏன்யா மறைக்கணும், அதான் கேக்கறேன்” என்று முதலாமவர். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு முருகா” என்றார். உரிமையாக அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அந்த டீக்கடையில்தான் மறுநாளும் எனக்கு வேலை வந்து சேர வேண்டும். சில நாளில் விஜய் நன்றி தெரிவித்து ஓர் அறிக்கை விட்டார். அதன் தலைப்பிலேயே ஜோசப் விஜய் என்று அச்சாகியிருந்தது. அதைப் பேப்பரில் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும். அவரால் முடிகிறது. சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அதன் விலையைத் தாங்க அவரிடம் இருப்பு இருக்கிறது. நைனாவிடம் இருந்ததெல்லாம் ஒரு ஜோடி செருப்பு, அதையும் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பெயரை மறைப்பவனைக் கோழை என்று எழுதுகிறவர்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு மறைக்க அவசியமே இல்லாத பெயர்.

ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் இந்த எபிரேயப் பெயர் யாருக்கும் தெரியாமல் உச்சத்தில் போய் உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. ரஷ்ய ஸ்டாலினுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் யோசேப்பு, அவர்கள் ஜார்ஜிய பாஷையில் இயோசெப். ஸ்டாலின் என்பது எஃகைக் குறிக்கும் புனைபெயர். 1953 மார்ச்சில் கலைஞர் தன் மகனுக்கு அந்தப் புனைபெயரை எடுத்துக்கொண்டார், ஜோசப்பை விட்டுவிட்டார். அந்த மகன்தான் 2023 ஏப்ரலில் முதலமைச்சராகச் சட்டமன்றத்தில் எழுந்து, கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஆணையம் போட்டிருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சாசனத்தை ஏய்ப்பது என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். நீதிபதிகள் சட்டத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் சேரியில் கிணறு எத்தனை என்று சட்டம் கேட்பதில்லை.

யோசேப்பு எகிப்தியப் பெயரிலேயே வாழ்ந்து முடிந்தானா என்றால், அதுவும் இல்லை. அங்கே பிறந்த தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மனாசே, எப்பிராயீம் என்று எபிரேயப் பெயர்களையே வைத்தான். எகிப்திய மனைவி என்ன சொன்னாளோ, எழுதவில்லை. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. என் மகனுக்கும் யாருக்கும் பொதுவான ஒரு பெயரைத்தான் பள்ளியில் கொடுத்தேன்.

அவன் இப்போது சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். போன வருஷம் பேரன் பிறந்தான். பிறப்புப் பதிவில் என்ன பெயர் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது நான் வளன் என்றேன். தமிழ்ப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நமக்கு மட்டும் தெரியும். நல்ல யோசனை என்றே நினைத்தேன். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “ஜோசப்னே வைக்கிறேன் நைனா. மதம் கேட்டா கிறிஸ்டியன்னு எழுதறேன்.” நான் பட்டியல், காலேஜ், வேலை என்று பழைய வாத்தியார் மாதிரியே பேச ஆரம்பித்தேன். “ஃபீஸ் நான் கட்டிக்கிறேன் விடுங்க” என்றான். அவன் வாங்கும் சம்பளத்தில் கட்ட முடியும். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. என் முருகன் பெயரில் வந்த உதவித்தொகையும் ஹாஸ்டல் சோறும் ஒரு தலைமுறை கழித்து இந்த ஜோசப்பைப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறது என்று அவனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். மருமகள் பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

சான்றிதழ் வந்தபோது தமிழில் சரியாக இருந்தது. ஆங்கிலத்தில் கடைசி எழுத்தான ‘எச்’ விடுபட்டு, வெறும் ‘பி’யோடு நின்றுவிட்டது. மகன் திருத்த மனு கொடுத்திருக்கிறான். ஞானஸ்நானச் சான்றிதழின் நகலும் வேண்டுமாம். அதற்காக இந்த ஞாயிறு சேத்துப்பட்டு போகிறேன்.